கார்ட்ரிட்ஜ் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை

வீட்டுக்கு வந்து டர்ன்டேபிளில் நாலு பாட்டு கேட்டுவிட்டுப் போகிறவர்களில் பாதிப்பேர் இரண்டு மாதத்துக்குள் தாங்களும் ஒன்று வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் போன் வரும். கூடவே வந்த கார்ட்ரிட்ஜை மாற்றணுமா, எதை வாங்கலாம், எம்சி என்கிறார்களே அது என்ன என்று வரிசையாக அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் பேசித் தொண்டை வற்றியதால் எழுதி வைத்துவிட்டேன். நான் கடைக்காரன் இல்லை. இருபது வருடமாக ரிக்கார்டு கேட்கிறவன், இரண்டு நல்ல கார்ட்ரிட்ஜ்களை என் கையாலேயே உடைத்தவன். அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

கார்ட்ரிட்ஜ்னா அந்த முள்ளுதானே சார்? ஒரு முள்ளுக்கா லட்ச ரூபாய்?

முள் அதில் ஒரு பகுதிதான். ரிக்கார்டின் பள்ளத்தில் ஓடுவது ஒரு வைரத் துணுக்கு, அதுதான் ஸ்டைலஸ். அது ஒட்டியிருக்கும் மெல்லிய குச்சி கான்டிலீவர். குச்சியின் மறுமுனை ஒரு சின்ன ரப்பர் வளையத்தில் உட்கார்ந்திருக்கும், அந்த முனையில் காந்தமோ கம்பிச் சுருளோ இருக்கும். பள்ளம் வளைய வளைய முள் ஆடும், மறுமுனையும் ஆடும், சுருளில் மின்சாரம் பிறக்கும். எவ்வளவு மின்சாரம் என்றால், சாதாரண கார்ட்ரிட்ஜில் 5 மில்லிவோல்ட். டார்ச்சுக்குப் போடும் பென்சில் பேட்டரி 1500 மில்லிவோல்ட், அதில் முந்நூறில் ஒரு பங்கு. உங்கள் ஸ்பீக்கரில் வருகிற தவிலும் நாகஸ்வரமும் இந்தத் துளியிலிருந்து பெருக்கி எடுத்தவை.

விலைக்குக் காரணம், மேல்தட்டு கார்ட்ரிட்ஜ்களைப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு கையால்தான் கோர்க்கிறார்கள். தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சுற்ற வேண்டும், வைரத்தைக் கோணம் பிசகாமல் ஒட்ட வேண்டும். அதற்காக விலை ஏற ஏற சத்தத்தின் தரமும் அதே விகிதத்தில் ஏறும் என்று நான் சொல்லவில்லை, அதைக் கடைசியில் பேசுவோம்.

எம்எம், எம்சி ரெண்டுல எது உசத்தி?

எம்எம்மில் (மூவிங் மேக்னட்) காந்தம் ஆடும், சுருள் அசையாமல் நிற்கும். எம்சியில் (மூவிங் காயில்) சுருள் ஆடும், காந்தம் நிற்கும். எம்சியில் ஆடுகிற பாகத்தை மிக லேசாகச் செய்ய முடியும், அதனால் நுணுக்கமான அசைவுகளுக்கு வேகமாக ஈடுகொடுக்கும். ஆனால் லேசாக இருக்கவேண்டுமானால் சுருளில் சுற்று குறைய வேண்டும், சுற்று குறைந்தால் மின்சாரமும் குறையும். 5 மில்லிவோல்ட் இருந்த இடத்தில் 0.3, 0.4 தான் கிடைக்கும். அதனால் வரும் தொல்லை தனிக் கதை, கீழே வருகிறது.

எம்எம்மில் முள் தேய்ந்தால் அந்தப் பகுதியை மட்டும் விரலால் இழுத்துக் கழற்றிப் புதிதாகச் செருகலாம். எம்சியில் பெரும்பாலும் அது நடக்காது, முழுதாகத்தான் மாற்ற வேண்டும். நடுவில் மூன்றாவது வகை ஒன்று உண்டு: காந்தமும் சுருளும் நிற்க, ஒரு துண்டு இரும்பு மட்டும் ஆடும். ஜப்பானின் நகோகா எம்பி வரிசையும் நியூயார்க்கின் கிராடோவும் அந்த ஜாதி. மின்சார அளவில் இவற்றில் பலதும் எம்எம் போலத்தான், அதே இடத்தில் செருகலாம்.

உசத்தி எது என்று கேட்டால், அந்தக் கேள்வியே கொஞ்சம் தள்ளி நிற்கட்டும் என்பேன். முதலில் முள்ளின் வடிவத்தைக் கேளுங்கள். நல்ல முள் வைத்த எம்எம், சுமாரான முள் வைத்த எம்சியைச் சுலபமாகத் தோற்கடிக்கும்.

முள்ளோட வடிவத்துல அப்படி என்ன இருக்கு? எல்லாம் வைரம்தானே?

எல்லாம் வைரம்தான், அரிவாளும் கடப்பாரையும் இரும்புதான் என்கிற மாதிரி. இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போடுவோம், ஏனென்றால் கார்ட்ரிட்ஜ் விஷயத்தில் காதுக்கு நேரடியாகத் தெரிகிற வித்தியாசம் இங்கேதான் பிறக்கிறது.

12 அங்குல எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். வெளி ஓரத்தில், மையத்திலிருந்து 146 மில்லிமீட்டர் தூரத்தில், முள்ளுக்கு அடியில் ஒரு நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில், அதாவது 60 மில்லிமீட்டர் தூரத்தில், அதே ஒரு நொடியில் 21 சென்டிமீட்டர்தான் ஓடும். அதே இசையை ஐந்தில் இரண்டு பங்கு இடத்துக்குள் அடைக்க வேண்டும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று, ஜால்ராவின் சிணுங்கல் என்று வையுங்கள், அங்கே ஒரு அலைக்கு 21 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளம்தான் கிடைக்கும். கோனிகல் எனப்படும் உருண்டை முள்ளின் நுனி ஆரம் 16 முதல் 18 மைக்ரான். அலையின் மேடு பள்ளத்தைவிட முள் பெரிது! சின்னக் குழிகளின் மேல் லாரி டயர் ஏறிப் போவதுபோல் அது போய்விடும். கடைசிப் பாட்டில் "ச" ஒலியெல்லாம் "ஷ்ஷ்" என்று கரகரப்பது பாதி இதனால்தான்.

எலிப்டிகல் முள்ளில் பக்கவாட்டு விளிம்பைக் கூர்மையாகத் தீட்டியிருப்பார்கள், 5 முதல் 8 மைக்ரான் வரை வரும். மைக்ரோலைன் வகையில் 3 மைக்ரான். ஷிபாட்டா இவற்றுக்கு இடையில் நிற்கும். இந்த ஷிபாட்டா 1970-களில் நாலு சேனல் ரிக்கார்டுகளுக்காக ஜப்பானில் ஜேவிசி கம்பெனிக்காரர் ஒருவர் தீட்டியது, அவர் பெயரே முள்ளுக்கு நின்றுவிட்டது. அந்த ரிக்கார்டுகளில் காதுக்குக் கேட்காத 30,000 ஹெர்ட்ஸ் அலை ஒன்றை ஏற்றியிருந்தார்கள், அதைப் படிக்கவே கூர்மை தேவைப்பட்டது. நாலு சேனல் செத்துப்போயிற்று, முள் பிழைத்துக்கொண்டது.

இன்னொரு சின்ன விஷயம். "பாண்டட்" என்று போட்டிருந்தால் உலோகக் காம்பின் நுனியில் வைரத் துளியை ஒட்டியது. "நியூட்" என்றால் முழுதும் வைரம், எடை குறைவு, விலை கூட.

அப்படின்னா கோனிகல் மோசம். டெனான் டிஎல்-103-ல அதே கோனிகல்தானே, அதை ஏன் இத்தனை வருஷமா தலையில வெச்சு ஆடறாங்க?

நல்ல கேள்வி, என்னை மடக்கவே கேட்டது. டிஎல்-103 என்ற எம்சி கார்ட்ரிட்ஜ், 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் என்எச்கே வானொலிக்காக உருவானது. 16.5 மைக்ரான் கோனிகல், 0.3 மில்லிவோல்ட், ரிக்கார்டின்மேல் முள்ளின் அழுத்தம் 2.5 கிராம். வானொலி நிலையத்துக்குத் தேவை நம்பகம்: யார் மாட்டினாலும், கோணம் கொஞ்சம் தப்பினாலும், ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். கோனிகல் உருண்டை என்பதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் உருண்டைதான், தப்பை மன்னிக்கும். கூர்மையான முள் மன்னிக்காது.

அதன் நடு ஒலியில் ஒரு தடிப்பு இருக்கிறது, குரல் எழுந்து முன்னால் வந்து உட்காரும். பழைய பாடல்களுக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் மேலே போட்ட கணக்கு அதற்கும் பொருந்தும், ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் அதன் வயது தெரிந்துவிடும்.

போரான், ரூபி, வைரம்னு கான்டிலீவர்ல போடறாங்களே, நகைக்கடை மாதிரி?

குச்சி எவ்வளவு விறைப்பாகவும் லேசாகவும் இருக்கிறதோ அவ்வளவுக்கு முள்ளின் அசைவு சிதையாமல் மறுமுனை போய்ச் சேரும். அலுமினியம் போதுமானது, போரான் அதைவிட விறைப்பு, ரூபியும் சஃபையரும் அதே வழியில். அசல் வைரத்திலேயே குச்சி செய்கிறவர்களும் உண்டு. என் வரிசை: முதலில் முள்ளின் வடிவம், அப்புறம் குச்சி. போரான் குச்சியில் சாதா எலிப்டிகல் இருப்பதைவிட அலுமினியக் குச்சியில் மைக்ரோலைன் இருப்பதை எடுப்பேன்.

என்கிட்ட டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இருக்கு. எந்தக் கார்ட்ரிட்ஜை வேணும்னாலும் மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் மாட்டுவதும் பொருந்துவதும் வேறு. டோன் ஆர்மும் (கார்ட்ரிட்ஜைத் தாங்குகிற கை) கார்ட்ரிட்ஜும் சேர்ந்து, ஸ்பிரிங்கில் கட்டிய குண்டு மாதிரி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஆடும். அந்த ஆட்டம் நொடிக்கு 8 முதல் 12 தடவைக்குள் விழுந்தால் நல்லது. கீழே போனால் ரிக்கார்டின் நெளிவோடு சேர்ந்து ஆட ஆரம்பித்துவிடும், பாட்டே இல்லாத இடத்தில்கூட ஸ்பீக்கரின் ஊஃபர் கோன் முன்னும் பின்னும் தள்ளுவதைக் கண்ணால் பார்க்கலாம். மேலே போனால் இசையின் அடிப்பகுதியைத் தொடும்.

கணக்கு இதுதான். ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் (ஆடும்போது முள் உணர்கிற ஆர்மின் எடை), கார்ட்ரிட்ஜ் எடை, திருகுகள், மூன்றையும் கூட்டுங்கள். அதை கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் என்ற எண்ணால், அதாவது குச்சி எவ்வளவு இளகி ஆடும் என்பதன் அளவால், பெருக்குங்கள். வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதால் வகுங்கள். எஸ்எல்-1200 ஆர்ம், கார்ட்ரிட்ஜைத் திருகும் நுனித் துண்டான ஹெட்ஷெல்லோடு, 12 கிராம். ஆர்டோஃபோன் 2எம் ப்ளூ 7.2 கிராம், திருகோடு மொத்தம் 20 என்று வைப்போம். அதன் கம்ப்ளையன்ஸ் 20. இருபதை இருபதால் பெருக்கினால் 400, வர்க்கமூலம் 20, 159-ஐ 20-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 8. விளிம்பில் நின்றாலும் பொருந்துகிறது.

நீங்க சொன்ன கணக்கை டிஎல்-103-க்குப் போட்டேன், 15-க்கு மேல வருது. அப்போ அது டெக்னிக்ஸுக்குப் பொருந்தாதா?

இது எல்லோரும் விழுகிற குழி. ஐரோப்பியக் கம்பெனிகள் பெரும்பாலும் 10 ஹெர்ட்ஸில் கம்ப்ளையன்ஸ் அளக்கிறார்கள், ஜப்பான் கம்பெனிகள் 100 ஹெர்ட்ஸில். டிஎல்-103-க்குப் போட்டிருக்கும் 5 என்பது 100 ஹெர்ட்ஸ் எண். நம் கணக்குக்கு அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்க வேண்டும். 9 என்று வைத்துப் போடுங்கள்: 12-உம் 8.5-உம் திருகுக்கு ஒன்றும் சேர்த்து 21.5, ஒன்பதால் பெருக்கினால் 193, வர்க்கமூலம் 13.9, விடை 11.4. சரியாக உள்ளே வந்துவிட்டது. இன்னும் கனமான ஆர்மில் அது இன்னும் நிம்மதியாக உட்காரும், சிலர் கனமான ஹெட்ஷெல் போட்டுக் கேட்பது அதனால்தான்.

பழைய கார்ட்ரிட்ஜ்களில் கம்ப்ளையன்ஸ் 30-ஐத் தாண்டியவையும் உண்டு. அவற்றைக் கனமான ஆர்மில் போட்டால் 5, 6 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், நெளிந்த ரிக்கார்டில் முள் குதித்துக்கொண்டே போகும்.

எம்சி வாங்கி மாட்டிட்டேன் அண்ணா. சத்தமே வரலை, வால்யூமைத் திருப்பினா உஸ்ஸுன்னு இரைச்சல்தான். கார்ட்ரிட்ஜ் போச்சா?

போகவில்லை. உங்கள் ஆம்ப்பில் இருக்கும் ஃபோனோ, அதாவது கார்ட்ரிட்ஜின் மின்சாரத்தைப் பெருக்கும் பகுதி, எம்எம்முக்கானது. அது 40 டெசிபெல், அதாவது நூறு மடங்கு பெருக்கும். 5 மில்லிவோல்ட் கொடுத்தால் 500 ஆகும், 0.3 கொடுத்தால் 30-தான் ஆகும். எம்சிக்கு 60 டெசிபெல் பக்கம், ஆயிரம் மடங்கு வேண்டும். வழி இரண்டு: எம்சி வசதியுள்ள ஃபோனோ ஸ்டேஜ் வாங்கலாம், அல்லது இருக்கிற எம்எம் ஃபோனோவுக்கு முன்னால் ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். 1:10 டிரான்ஸ்ஃபார்மர் 0.3-ஐ 3 மில்லிவோல்ட் ஆக்கிவிடும், எம்எம் ஃபோனோ அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும்.

யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை இதுதான். எம்சிக்கு ஒதுக்கும் பணத்தில் ஃபோனோ ஸ்டேஜுக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்காவிட்டால் எம்சி பக்கமே போகாதீர்கள்.

ஹை அவுட்புட் எம்சின்னு ஒண்ணு இருக்காமே, அதை எம்எம்ல செருகலாமாமே?

செருகலாம். டெனான் டிஎல்-110 1.6 மில்லிவோல்ட், ஹனா ஈஎச் 2 மில்லிவோல்ட். வால்யூமை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வோல்டேஜ் கூட வேண்டும் என்று சுருளில் சுற்றுகளை ஏற்றியிருப்பார்கள், எம்சியின் லேசான தன்மையில் பாதியை அங்கே விட்டுக்கொடுத்தாயிற்று. அதே விலைக்கு நல்ல முள் வைத்த எம்எம் கிடைத்தால் நான் அதற்குத்தான் போவேன்.

ஃபோனோ ஸ்டேஜுக்குப் பின்னால 100 ஓம், 47கே, 200 பிஎஃப்னு சின்னச் சின்ன சுவிட்சு. தொடணுமா?

எம்எம்முக்கு 47 கிலோ ஓம், அது மாறாது. அதில் பார்க்க வேண்டியது கெபாசிட்டன்ஸ், அந்த பிஎஃப் (பிகோஃபாராட்) எண். ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசைக்கு 100 முதல் 200 பிகோஃபாராட் போதும் என்கிறார்கள். ஆர்ம் வயரும் கேபிளும் சேர்ந்தே நூறுக்கு மேல் போய்விடும், அதோடு ஃபோனோ ஸ்டேஜும் 200 சேர்த்தால் எல்லை தாண்டியாயிற்று. அப்போது மேல் ஒலி ஒரு இடத்தில் துருத்திக்கொண்டு பளீரென்று கேட்கும். "இந்தக் கார்ட்ரிட்ஜ் ரொம்ப கூர்மை" என்று பழி போடுகிறவர்கள் பலர் முதலில் இந்த சுவிட்சைக் குறைத்துப் பார்க்கலாம்.

எம்சிக்குக் கெபாசிட்டன்ஸ் பெரிதாகப் பிரச்சினை இல்லை, ஓம்தான் முக்கியம். கார்ட்ரிட்ஜின் உள் எதிர்ப்பைப் போல் பத்து மடங்கு என்பது பொதுவான கைக்கணக்கு. 12 ஓம் கார்ட்ரிட்ஜுக்கு 100-இல் வைத்து ஆரம்பியுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருந்தால் நீங்கள் தொட வேண்டியதில்லை, 1:10 என்றால் 47 கிலோ ஓம் நூறால் வகுபட்டு கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத் தெரியும்.

டெக்கோட (டர்ன்டேபிளோட) விலையைவிடக் கார்ட்ரிட்ஜ் விலை கூட இருக்கலாமா?

இருக்கலாம், சட்டமா என்ன. ஆனால் ஆர்மின் பேரிங்கில் ஆட்டம் இருந்தால், அழுத்தத்தைத் துல்லியமாக வைக்க வழி இல்லாவிட்டால், கூர்மையான முள் அந்தக் குறைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் உங்களுக்குப் பாடிக் காட்டும். அடிப்படை டெக் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது விஎம்95எம்எல் அல்லது நகோகா எம்பி-110. எம்எல்லில் மைக்ரோலைன் முள், எம்பி-110-இல் எலிப்டிகல் என்றாலும் சுபாவத்தில் மெத்தென்றது, கொஞ்சம் தேய்ந்த ரிக்கார்டுகளுக்கு ஏற்றது. ஆர்ம் நன்றாக இருந்து, ஃபோனோவும் எம்சிக்குத் தயாராக இருந்தால் ஆடியோ-டெக்னிகா ஓசி9எக்ஸ் வரிசை, ஹனா எஸ்எல், எம்எல். அதற்கு மேல் லைரா, கோயட்ஸு என்று போகிறவர்களுக்கு என் அறிவுரை தேவைப்படாது.

முள் எத்தனை நாள் தாங்கும்? தேஞ்சா கண்ணுக்குத் தெரியுமா?

கண்ணுக்குத் தெரியாது, நல்ல மைக்ராஸ்கோப் வேண்டும். நாளில் கணக்கு வைக்காதீர்கள், மணியில் வையுங்கள். ஆடியோ-டெக்னிகா தன் முட்களுக்குச் சொல்வது: எலிப்டிகல் 300 மணி, கோனிகல் 500, ஷிபாட்டா 800, மைக்ரோலைன் 1000. தினம் ஒரு எல்.பி.யின் இரண்டு பக்கமும், 40 நிமிடம் என்று வைத்தால், எலிப்டிகல் 450 நாள், மைக்ரோலைன் 1500 நாள், நாலு வருடத்துக்கு மேல். விலையை மணியால் வகுத்துப் பார்த்துவிட்டு வாங்கினால் "மைக்ரோலைன் கையைக் கடிக்குது" என்ற பேச்சு குறையும்.

தேய்ந்ததன் அறிகுறி முதலில் கடைசிப் பாட்டில் வரும், மூன்றாவது கேள்வியில் சொன்ன காரணம்தான். நல்ல நிலையில் இருந்த ரிக்கார்டின் உள்வட்டம் புதிதாகக் கரகரத்தால் உடனே நிறுத்துங்கள். தேய்ந்த வைரம் உளி மாதிரி, பள்ளத்தைச் செதுக்கிவிட்டுப் போகும். முள் வாங்கிக்கொள்ளலாம், அந்த ரிக்கார்டை எங்கே தேடுவது?

அழுத்தத்தைக் குறைச்சு வெச்சா ரிக்கார்டு தேயாது இல்லையா? நான் 1 கிராம்தான் வெக்கிறேன்.

தலைகீழ். அழுத்தம் போதாவிட்டால் பலமான இடங்களில் முள் பள்ளத்தின் சுவரைவிட்டு எகிறி, திரும்பிவந்து மோதும். அந்த மோதல்தான் ரிக்கார்டைக் கெடுப்பது. கம்பெனி 1.8 கிராம் என்றால் 1.8 வையுங்கள், 2எம் ப்ளூவுக்கு அதுதான். சந்தேகம் வந்தால் சொன்ன எல்லைக்குள் கொஞ்சம் கூட்டி வைப்பது நல்லது. ஆர்மில் உள்ள எண் வளையத்தை நம்பாமல் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள்.

நானே மாட்டிக்கலாமா, இல்ல ஆளைக் கூப்பிடணுமா?

நீங்களே செய்யலாம். பகல் வெளிச்சம், ஒரு மணி நேரம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் தூங்கும் நேரம். முள்மூடி கழற்றாமலே வேலையைத் தொடங்குங்கள். ஹெட்ஷெல்லில் நாலு வயர்: வெள்ளை இடது, நீலம் இடதின் கிரவுண்டு, சிவப்பு வலது, பச்சை வலதின் கிரவுண்டு. குறட்டால் பிடிக்கும்போது வயரைப் பிடிக்காமல் அதன் நுனியில் இருக்கும் உலோகக் குழலைப் பிடியுங்கள். இறுக்கமாக இருந்தால் அழுத்தித் தள்ளாதீர்கள், பல்குத்தும் குச்சியை உள்ளே விட்டுக் கொஞ்சம் விரித்துக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் ஊசிக்கால் உடைந்தால் அப்புறம் எம்எம் என்ன, எம்சி என்ன.

டெக்னிக்ஸில், ஹெட்ஷெல் ஆர்மோடு சேரும் ரப்பர் வளையத்திலிருந்து முள்நுனிவரை 52 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அது கம்பெனி அளவு. மற்றவற்றுக்குப் புரோட்ராக்டர் அட்டை, கோணம் பார்க்கக் கோடு போட்ட அட்டை. அதிகம் புழங்கும் அட்டைகளில் மையத்திலிருந்து 66, 121 மில்லிமீட்டர் தூரத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கும், இரண்டிலும் கான்டிலீவர் கோட்டோடு நேராக நிற்க வேண்டும். கார்ட்ரிட்ஜின் உடம்பைப் பார்த்து நேராக்காதீர்கள், குச்சியைப் பாருங்கள். அப்புறம் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டின்மேல் முள்ளை இறக்கி முன்னாலிருந்து பாருங்கள். கார்ட்ரிட்ஜும் அதன் பிம்பமும் சேர்ந்து ஒரே நேர்கோடாக நின்றால் சரி, இடுப்பு ஒடிந்த மாதிரி தெரிந்தால் ஹெட்ஷெல்லைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

நான் முதலில் உடைத்தது இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் முடித்து, வியர்வை துடைக்கத் தோளில் கிடந்த துண்டை இழுத்தேன். துண்டின் ஓர நூல் ஒன்று கான்டிலீவரில் மாட்டியிருந்தது. "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எங்க தாத்தாவோட பழைய தமிழ் ரிக்கார்டு நிறைய இருக்கு. அதுக்கும் இதே கார்ட்ரிட்ஜ்தானா?

முதலில் எந்த ரிக்கார்டு என்று பாருங்கள். கனமாக, கீழே போட்டால் உடைகிற 78 வேக அரக்கு ரிக்கார்டு என்றால் உங்கள் எல்.பி. முள்ளை அதில் வைக்கவே கூடாது. அந்தப் பள்ளம் அகலம், அதற்குச் சுமார் 75 மைக்ரான் ஆரமுள்ள முள் வேண்டும், எல்.பி. முள் பள்ளத்தின் அடியில் அலைந்துகொண்டிருக்கும். விஎம்95 உடம்பு இருந்தால் சுலபம்: விஎம்95எஸ்பி முள்ளை வாங்கிச் செருகி, அழுத்தத்தை 5 கிராம் பக்கம் ஏற்றினால் போதும். உங்கள் டெக்கில் 78 வேகம் இருக்கிறதா என்றும் பாருங்கள், பழைய எஸ்எல்-1200 எம்கே2-வில் கிடையாது. அரக்கு ரிக்கார்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், கரைந்துவிடும். மேல்நாடுகளில் 78 ஓய்ந்தபிறகும் இந்தியாவில் அது ஓடிக்கொண்டிருந்தது, 1960-களில் பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட இங்கே 78-இல் அச்சிட்டிருக்கிறார்கள். அதனால் பாட்டு புதுசாக இருக்கிறதே என்று லேபிளைப் பார்க்காமல் முள்ளை வைத்துவிடாதீர்கள்.

வினைல்தான், ஆனால் மோனோ என்றால் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜே பாடும். மோனோ பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. மேலும் கீழும் வரும் அசைவெல்லாம் தூசியும் கீறலும். ஆம்ப்பில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள், பொரிகிற சத்தத்தில் நல்ல பங்கு அந்த நொடியிலேயே போய்விடும். காசு செலவில்லாத வைத்தியம். பெட்டி பெட்டியாக மோனோ வைத்திருந்தால் மட்டும் தனி மோனோ கார்ட்ரிட்ஜ் யோசிக்கலாம்.

ஒருத்தர் பழைய கார்ட்ரிட்ஜ் பாதி விலைக்குத் தர்றேங்கிறார், "கொஞ்ச நேரம்தான் ஓடிச்சு"ங்கிறார். வாங்கட்டுமா?

பழைய பைக் விற்கிறவரும் "லேடீஸ் ஓட்டினது" என்றுதான் சொல்வார். எம்எம் என்றால் பயமில்லை, உடம்பு நன்றாக இருந்தால் புதுமுள் போட்டுக்கொள்ளலாம். ஒரே உடம்பு பல முட்களை ஏற்பது இங்கே உதவும். ஆர்டோஃபோன் 2எம் ரெட் உடம்பில் ப்ளூ முள் சேரும், 2எம் ப்ரான்ஸ் (வெண்கலம்) உடம்பில் பிளாக் முள் சேரும். எம்சியில் மைக்ராஸ்கோப் படம் கேளுங்கள், முன்னாலிருந்து கான்டிலீவர் நேராக நிற்கிறதா பாருங்கள். பெட்டி பிரிக்காமல் முப்பது வருடம் கிடந்தது என்பது தகுதி இல்லை, உள்ளே இருக்கும் ரப்பர் பெட்டிக்குள்ளேயே இறுகியிருக்கும். அப்படி ஒன்றை வாங்கி, முதல் பாட்டு முடிவதற்குள் கார்ட்ரிட்ஜின் வயிறு ரிக்கார்டில் உரசியதைப் பார்த்திருக்கிறேன்.

தேய்ந்த எம்சிக்குப் புதுமுள் ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாகவே செய்வார்கள், ஆனால் குச்சியும் வைரமும் வேறாகும்போது அது வேறு கார்ட்ரிட்ஜ், பழைய குரல் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பல கம்பெனிகள் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் குறைந்த விலைக்குத் தருவதும் உண்டு, வாங்கும்போதே கேட்டுவையுங்கள்.

முள்ளை எப்படிச் சுத்தம் பண்றது? விரலால தட்டினா போதுமா?

விரலா, வேண்டாம். உலர்ந்த சின்னப் பிரஷ், பின்னாலிருந்து முன்னால் மட்டும், அதாவது ரிக்கார்டு ஓடும் திசையில். பக்கவாட்டிலோ எதிர்த் திசையிலோ போனால் குச்சி போய்விடும். ஒவ்வொரு பக்கம் ஓட்டுவதற்கு முன்னும் செய்தால் திரவம் எதுவும் தேவைப்படாது. கடலோர ஊர்க்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஹெட்ஷெல்லின் நாலு ஊசிக்கால்களையும் துடையுங்கள், உப்புக்காற்றில் அவை கறுத்து ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வரும்.

உண்மையைச் சொல்லுங்க, ரெண்டு லட்ச ரூபாய் கார்ட்ரிட்ஜுக்கும் உங்களுதுக்கும் வித்தியாசம் கேக்குதா?

கேட்டது. நண்பர் ஒருவர் தன் கார்ட்ரிட்ஜைத் தனி ஹெட்ஷெல்லில் மாட்டி எடுத்துவந்தார், ஒரே டெக், ஒரே ரிக்கார்டு, கடைசிப் பாட்டு. அவருடையதில் பாட்டுக்கும் கீறலுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. பொரிகிற சத்தம் எங்கோ பின்சுவரில் கேட்க, வயலின் முன்னால் தனியாக நின்றது. என்னுடையதில் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தன. அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை, கடன் அட்டையின் எல்லை எவ்வளவு என்றுகூடப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து என் கார்ட்ரிட்ஜைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்துப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் சொல்கிற நான் எட்டு மாதமாகப் பார்க்கவே இல்லை, இடதுபக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. நேராக்கி, அழுத்தத்தை 1.7-இலிருந்து 1.8-க்கு ஏற்றி, அதே பாட்டைப் போட்டேன். வித்தியாசத்தில் பாதி காணாமல் போயிருந்தது. மீதிப் பாதி இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது, மாதத்துக்கு ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.